ஜார்ஜியோ மொரோடர்: பாடகர் எப்படி ரெக்கார்டு தயாரிப்பாளர் ஆனார், ‘ஐ ஃபீல் லவ்’ எப்படிப் பதிவானது?

கேட்கப்பட்டவை மூன்று. பாப் பாடகராக அறிமுகமான இத்தாலியர் ஜார்ஜியோ மொரோடர் ஏன் பாடுவதை விட்டுத் தயாரிப்பாளர் ஆனார்? 1977-இல் டோனா சம்மர் என்ற பாடகியின் குரலில் வந்த ‘ஐ ஃபீல் லவ்’ பாட்டை உண்மையில் எப்படிச் செய்தார்கள்? அந்த ஒலியை இன்று ஒரு லேப்டாப்பில் கொண்டுவர முடியுமா?

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். தமிழில் ‘தயாரிப்பாளர்’ என்றதும் பணம் போடுபவர்தான் நினைவுக்கு வருவார். ரெக்கார்டு தயாரிப்பாளர் அவர் அல்ல. எந்தப் பாட்டு, எந்த வேகம், யார் வாசிப்பது, எந்த டேக்கை வைத்துக்கொள்வது, கடைசி மிக்ஸ் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவெடுப்பவர். நம் ஊரில் இசையமைப்பாளர் தலையிலேயே விழும் வேலை இது. மொரோடர் மெட்டும் போடுவார் என்பதால் அவரை இசையமைப்பாளர் என்றே அழைத்தாலும் பெரிய தவறில்லை.

அவரைப் பற்றிய பெரும்பாலான குறிப்புகளில் ‘எலெக்ட்ரானிக் இசையின் தந்தை’ என்ற பட்டம் முதல் வரியிலேயே வந்துவிடும். அதனால் அவர் ஏதோ விஞ்ஞானி மாதிரி வயர்களுக்கு நடுவே உட்கார்ந்து ஒலியைக் கண்டுபிடித்தார் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. உண்மை வேறு. பாடகராக அவர் சுமார்தான். வாத்தியத்திலும் பெரிய வித்தகர் இல்லை. மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் புகழ்பெற்ற மூக் சின்தசைசர் இயந்திரத்தை இயக்கியது இன்னொருவர். என்ன ஒலி வேண்டும் என்பதும், அதை யாரிடம் கேட்டு வாங்க வேண்டும் என்பதும் அவருக்கு மற்றவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அவருடைய திறமை அதுதான்.

பிறந்தது 1940 ஏப்ரல் 26, வட இத்தாலியில் டோலோமைட் மலைகளுக்கு நடுவே இருக்கும் ஒர்டிசேய் என்ற சிற்றூரில். மரச் சிற்பங்களுக்குப் பெயர்போன பள்ளத்தாக்கு அது. முதல் உலகப் போர் வரை ஆஸ்திரியாவோடு இருந்த தெற்கு டிரோல் பகுதி, போருக்குப் பிறகு இத்தாலிக்குப் போனது. அங்கே ஒரே ஊரில் லடின், ஜெர்மன், இத்தாலியன் மூன்றும் புழங்கும். ‘அவர் ஜெர்மானியரா, இத்தாலியரா?’ என்ற பழைய சண்டைக்குக் காரணம் இதுவே. குடியுரிமை இத்தாலி, தொழில் ஜெர்மனி, புகழ் அமெரிக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருபது வயதை ஒட்டி ஊரை விட்டுக் கிளம்பி, ஐரோப்பிய ஹோட்டல்களிலும் கிளப்களிலும் வாசிக்கும் குழுக்களோடு சில ஆண்டுகள் சுற்றினார். பிறகு பெர்லின், அதற்குப் பிறகு மியூனிக். ‘ஜார்ஜியோ’ என்ற ஒற்றைப் பெயரில் அவர் வெளியிட்டவை ‘பபிள்கம் பாப்’ வகைப் பாட்டுகள்: சிறுவர்களும் உடனே முணுமுணுக்கக்கூடிய எளிய மெட்டு, கைதட்டல், அர்த்தத்தைப் பற்றிக் கவலைப்படாத வரிகள். 1969-இல் வந்த ‘லுக்கி லுக்கி’ ஐரோப்பாவில் நன்றாக விற்று, 1970 அக்டோபரில் தங்க இசைத்தட்டு வாங்கிக் கொடுத்தது.

வாழ்க்கை அதனால் பெரிதாக மாறிவிடவில்லை. காரை எடுத்துக்கொண்டு ஜெர்மனியின் டிஸ்கோதேக்குகளுக்கு (இசைத்தட்டுப் போட்டு ஆடும் கூடங்கள்) போவார், கையில் இருந்த ஏழெட்டுப் பாட்டுகளை அரை மணி நேரம் பாடுவார், ஊர் திரும்பும் அலுப்புக்குச் சில இரவுகள் காரிலேயே தூங்கிவிடுவார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இப்படித்தான் வயிற்றைக் கழுவியதாக அவரே பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார். இந்தக் காலத்தைப் ‘போராட்டக் கட்டம்’ என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள், கடக்கக் கூடாது. டிஸ்கோ என்ற சொல் இசை வகையாக மாறுவதற்கு முன்பே, இருட்டு அறையில் ஆட வந்த கூட்டத்துக்கு முன்னால் நின்று, எந்தத் தாளத்துக்குக் கால் அசைகிறது, எந்த இடத்தில் ஆட்டம் நின்று பார் பக்கம் நகர்கிறார்கள் என்பதை நேரில் பார்த்தவர் அவர். ஸ்டுடியோவை விட்டு வெளியே வராத தயாரிப்பாளருக்கு அந்தக் கணக்கு கிடைக்காது.

மியூனிக்கில் அவருக்கு வாய்த்த கூட்டாளி பீட் பெலோட், ஆங்கிலேயர். மெட்டு மொரோடருடையது, ஆங்கில வரிகள் பெலோட்டுடையவை, தயாரிப்பு இருவருடையது. ஜெர்மனியில் இருந்துகொண்டு உலகச் சந்தைக்குப் பாட்டு விற்க நினைத்தவருக்கு, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவர் பக்கத்து நாற்காலியில் இருந்தது எவ்வளவு பெரிய வசதி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மூக் சின்தசைசர் இந்தச் சமயத்தில்தான் வருகிறது. மியூனிக்கில் எபர்ஹார்ட் ஷோனர் என்ற செவ்வியல் இசையமைப்பாளரிடம் ஒரு மூக் மாடுலர் இருந்தது. அலமாரி அளவுக்குப் பெட்டிகள், ஒவ்வொன்றையும் இணைக்கப் பின்னல் பின்னலாக வயர்கள். ஷோனர் அதில் நீண்ட, ஆழமான ரீங்காரங்களை எழுப்பிக் காட்டினார். ஒரு பாப் பாடகருக்கு அதில் என்ன வேலை? ஆனால் ஷோனரின் உதவியாளர் ராபி வெடல், இந்த இயந்திரம் இதைவிட வேறு காரியங்களும் செய்யும் என்று காட்டினார். மொரோடர் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தார்; வெடலையும் சேர்த்தே எடுத்தார் என்பதுதான் முக்கியம்.

முதல் பலன் ‘சன் ஆஃப் மை ஃபாதர்’. மொரோடர் பாடிய வடிவம் அமெரிக்காவில் 46-ஆம் இடம்வரைதான் ஏறியது. அதே பாட்டை இங்கிலாந்தின் சிக்கரி டிப் என்ற குழு, மூக் ஒலியை முன்னால் நிறுத்திப் பதிவு செய்து 1972 பிப்ரவரியில் மூன்று வாரம் பிரிட்டனின் முதலிடத்தில் வைத்திருந்தது. தன் பாட்டு, தன் ஒலி யோசனை, ஆனால் வேறொருவர் குரலில் ஜெயிக்கிறது! பாடகர் ஜார்ஜியோவுக்கு இது அடி. தயாரிப்பாளர் மொரோடருக்கு இது வழி. ‘ஏன் பாடுவதை விட்டார்?’ என்ற கேள்விக்கு என் பதில் இந்த ஒரு பாட்டிலேயே இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் மியூனிக்கின் அராபெல்லா ஹோட்டல் கட்டடத்தின் அடித்தளத்தில் மியூசிக்லேண்ட் என்ற ஸ்டுடியோவை நிறுவினார். ரோலிங் ஸ்டோன்ஸ், டீப் பர்ப்பிள், குயீன், எலெக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ரா எல்லோரும் அங்கே வந்து பதிவு செய்திருக்கிறார்கள். லெட் செப்பலின் 1975-இல் ஒரு முழு ஆல்பத்தை மூன்று வாரத்துக்குள் முடித்துக்கொண்டு போனது. மேலே ஹோட்டல் அறை, கீழே ஸ்டுடியோ. குழுவை அலைக்கழிக்காமல் வேலை வாங்க இதைவிடச் சௌகரியமான ஏற்பாடு கிடையாது.

டோனா சம்மர் அமெரிக்கர், பாஸ்டனில் பிறந்தவர். ‘ஹேர்’ என்ற இசை நாடகத்தின் ஜெர்மன் வடிவத்தில் நடிக்க 1968-இல் மியூனிக் வந்து, அங்கேயே தங்கிப் பின்னணிப் பாடகியாக இருந்தவர். 1974-இல் மொரோடர், பெலோட் இருவரும் தயாரித்த அவருடைய முதல் ஆல்பம் ஐரோப்பாவில் சில நாடுகளில் மட்டும் ஓடியது. 1975-இல் ‘லவ் டு லவ் யூ பேபி’ வந்தது. காசப்ளாங்கா ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் தலைவர் நீல் போகார்ட் அந்தப் பாட்டைத் தன் வீட்டு விருந்தில் போட, வந்தவர்கள் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்களாம். உடனே, இதை ஒரு எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் 12 அங்குல) தட்டின் ஒரு பக்கம் முழுவதும் வருமாறு நீட்டித் தாருங்கள் என்று கேட்டார். வந்த வடிவம் ஏறக்குறைய 17 நிமிடம்.

நீளம் வெறும் விளம்பர உத்தி இல்லை. நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் ஓடும் 7 அங்குலத் தட்டில், ஒலி கனமாக இருக்க வேண்டுமானால் பக்கத்துக்கு நான்கைந்து நிமிடத்துக்கு மேல் அடைக்க முடியாது. கூடுதலாக அடைத்தால் பள்ளங்கள் நெருங்கும். நெருங்கினால் பேஸ் எனும் கீழ்ஸ்தாயி ஒலியைக் குறைத்துத்தான் வெட்ட முடியும். ஆட்டக் கூடத்துக்குத் தேவையோ கனமான பேஸும் நீண்ட நேரமும். எல்.பி.யின் ஒரு பக்கம், பிறகு 12 அங்குல சிங்கிள் என்று இசை நகர்ந்ததற்குப் பின்னால் இந்தப் பௌதிகக் கணக்கு இருக்கிறது. பாட்டை பி.பி.சி. ஒலிபரப்ப மறுத்தது, அது பிரிட்டனில் நான்காம் இடத்துக்கும், 1976 பிப்ரவரியில் அமெரிக்காவில் இரண்டாம் இடத்துக்கும் போனது.

இனி ‘ஐ ஃபீல் லவ்’. 1977-இல் வந்த ‘ஐ ரிமம்பர் யெஸ்டர்டே’ ஆல்பத்தின் திட்டம், ஒவ்வொரு பாட்டும் ஒரு காலகட்டத்தின் இசையை நினைவூட்ட வேண்டும் என்பது. நாற்பதுகளின் சாயல், அறுபதுகளின் சாயல் என்று வந்து, கடைசிப் பாட்டு எதிர்காலத்தைக் காட்ட வேண்டும். எதிர்காலத்துக்கு எந்த வாத்தியம்? இயந்திரம்தான் என்று முடிவு செய்தார்கள். அதுவரை டிஸ்கோ என்றால் வயலின் கூட்டம், பித்தளை வாத்தியங்கள், நடமாடும் பேஸ் கிட்டார். அதையெல்லாம் இந்தப் பாட்டில் துடைத்தெறிந்தார்கள்.

சிக்கல் தொடங்கியது நேரத்தில். மூக்கில் சீக்வென்சர் என்ற பகுதி இருக்கும். வரிசையாக இருக்கும் குமிழ்களில் ஒவ்வொரு நோட்டுக்கும் உரிய மின்னழுத்தத்தை வைத்துவிட்டால், ஒரு துடிப்பு வரும்போதெல்லாம் அடுத்த குமிழுக்குத் தாவி வாசித்துக்கொண்டே போகும். ஒரு பகுதியை டேப்பில் பதிவு செய்து, ரிவைண்ட் செய்து, அதன் மேல் இரண்டாவது பகுதியை வைத்தால் என்ன ஆகும்? இரண்டும் ஒரே வேகத்தில் ஓடுவதாகத் தோன்றும். பத்து விநாடியில் விலக ஆரம்பிக்கும். டேப் ஓடும் வேகத்துக்கும் இயந்திரத்தின் துடிப்புக்கும் சம்பந்தமே இல்லை.

தீர்வு வெடலுடையது. 16 தட டேப்பில் முதலில் ஒரே ஒரு தடத்தில், பதினாறாவதில், மூக்கிலிருந்து வரும் வெறும் துடிப்பைப் பாட்டு முழுவதற்கும் பதிவு செய்துவிடுவது. பிறகு ஒவ்வொரு முறையும் அந்தத் தடத்திலிருந்து வரும் துடிப்பை மூக்குக்குத் திருப்பிக் கொடுத்து, அதற்கேற்பவே சீக்வென்சரை நகர வைப்பது. டேப் சற்று வேகமாக ஓடினாலும் சரி, மெதுவாக ஓடினாலும் சரி, இயந்திரமும் கூடவே போகும். இப்படிச் செய்ய முடியும் என்பது மொரோடருக்கே அன்றுதான் தெரிந்தது. ஓரத் தடத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு: துடிப்பின் சத்தம் பக்கத்துத் தடத்துக்குக் கசியும் என்பதால், ஒரே ஒரு அண்டை வீடு மட்டும் இருக்கும் இடம் பாதுகாப்பானது. விலை, இசைக்கு 15 தடங்கள்தான் மிச்சம்.

அடுத்த சிக்கல் சுருதி. இந்த வகை சின்தசைசரில் ஒரு ஸ்தாயி மேலே போக ஒரு வோல்ட். பன்னிரண்டாகப் பிரித்தால் ஓர் அரைச்சுருதிக்கு 83 மில்லிவோல்ட். அரைச்சுருதியின் நூறில் ஒரு பங்குக்கு ஒரு மில்லிவோல்ட்கூட இல்லை. அந்த மின்னழுத்தத்தைச் சுருதியாக மாற்றும் டிரான்சிஸ்டர்களோ அறையின் வெப்பத்துக்கு நெளிபவை. விளக்கு எரிகிறது, இயந்திரம் சூடேறுகிறது, சுருதி நகர்ந்துவிடுகிறது. அதனால் ஒரு மூச்சில் 20 முதல் 30 விநாடிதான் பதிவு செய்தார்கள். நிறுத்து, சுருதி சேர், ரிவைண்ட் செய், சரியான துடிப்பில் மறுபடி உள்ளே நுழை. ஆல்பத்தில் வரும் வடிவம் ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 25 விநாடி வீதம் என்றால் ஒரே ஒரு பகுதிக்குப் பதினான்கு தடவை. பதினாறாவது தடத்துத் துடிப்பு இல்லாமல் இப்படித் துண்டு துண்டாக ஒட்டவே முடிந்திருக்காது. முதல் தீர்வுதான் இரண்டாவது சிக்கலையும் காப்பாற்றியது.

மூன்றாவது, தாளம். ஹை-ஹாட் என்ற ஜால்ராவுக்கும் ஸ்நேர் என்ற சிறு டிரம்முக்கும் மூக்கின் ‘வெள்ளை இரைச்சலை’ எடுத்துச் சிறு துண்டுகளாக நறுக்கிக்கொண்டார்கள். ரேடியோவில் நிலையம் இல்லாத இடத்தில் வரும் இரைச்சல் போன்றது அது. ஆனால் காலால் அடிக்கும் பெரிய கிக் டிரம் மட்டும் மூக்கிலிருந்து நெஞ்சில் அடிக்கிற மாதிரி வரவில்லை. ஆகவே கீத் ஃபோர்சி என்ற ஆங்கிலேய டிரம்மர் உட்கார்ந்து, இயந்திரத்துக்கு ஈடாகக் கிக் டிரம்மை வாசித்தார். ‘முழுக்க முழுக்க இயந்திரப் பாட்டு’ என்று சொல்வோர் கவனிக்க: அந்தப் பாட்டின் இதயத் துடிப்பு ஒரு மனிதரின் வலது கால். இதில் பிழைக்கு இடமே இல்லை. வயலின் கூட்டத்துக்கு நடுவே டிரம்மர் சற்றுத் தள்ளி அடித்தால் கேட்காது. இங்கே பேஸ் நோட்டும் கிக்கும் ஒரே நொடியில் விழ வேண்டும், இல்லையென்றால் இரட்டைத் தட்டாகக் காதில் குத்தும்.

கடைசியாக, அந்தப் புகழ்பெற்ற பேஸ். வரிசை ஒன்றுதான், பாட்டு நகரும்போது அதன் சுருதியை மட்டும் மொத்தமாக மேலே கீழே நகர்த்துகிறார்கள். சவுண்ட் இன்ஜினியர் யூர்கன் கோப்பர்ஸ் அதற்கு ஒரு டிலே வைத்தார். மூல நோட்டு இடது ஸ்பீக்கரில், சற்றுத் தாமதித்த நகல் வலது ஸ்பீக்கரில். நோட்டுக்கும் நோட்டுக்கும் இடையே இருந்த வெற்றிடத்தில் நகல் போய் உட்கார, வேகம் இரட்டித்தது போல ஒரு மினுக்கல் வந்தது. கூடவே ஒரு வினையும் வந்தது: பெரிய ஆட்டக் கூடத்தில் வலது ஸ்பீக்கருக்கு அருகே நின்றவருக்குத் தட்டு தள்ளி விழுவதாகக் கேட்டது. இந்த விளைவை மொரோடரே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இவ்வளவு இறுக்கமான இயந்திரத்தின் மேல் டோனா சம்மர் தேவாலயப் பாடகியாகப் பழகிய தன் கனத்த மார்புக் குரலை வைக்கவில்லை. தலைக் குரலில், காற்று கலந்து, மிதக்க விட்டார். வரிகள் மிகக் குறைவு. அழுத்திப் பாடியிருந்தால் இயந்திரத்தோடு மல்லுக்கு நின்றிருக்கும். இந்தத் தேர்வுக்குக் கிடைக்க வேண்டிய பாராட்டு இன்னும் பாதிகூட அவருக்குக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

ரெக்கார்டு நிறுவனம் இதை முதலில் ஒரு மெல்லிசைப் பாட்டின் பி பக்கமாக வெளியிட்டது! டிஸ்கோக்கள் தட்டைத் திருப்பிப் போட்ட பிறகே ஏ பக்கம் ஆனது. பிரிட்டனில் நான்கு வாரம் முதலிடம், அமெரிக்காவில் ஆறாம் இடம். அப்போது பெர்லினில் பதிவில் இருந்த ஆங்கிலப் பாடகர் டேவிட் பௌயியிடம் அவரோடு வேலை செய்த இசைக்கலைஞர் பிரையன் ஈனோ இந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, எதிர்காலத்தின் ஒலி இதுதான் என்று சொன்னதை பௌயியே நினைவுகூர்ந்திருக்கிறார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறது.

அதே 1977-இல் ‘ஃப்ரம் ஹியர் டு எட்டர்னிட்டி’ என்ற சொந்த ஆல்பம். இதில் பாடகர் ஜார்ஜியோ திரும்பி வந்தார், ஆனால் வோகோடர் வழியாக. வோகோடர் என்பது குரலைப் பல அலைவரிசைப் பட்டைகளாகப் பிரித்து, அந்தப் பட்டைகளின் ஏற்ற இறக்கத்தை ஒரு சின்தசைசர் ஒலியின் மேல் ஏற்றும் கருவி. வாய் மனிதனுடையது, தொண்டை இயந்திரத்துடையது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ‘ஐன்ட்செல்கேங்கர்’ என்ற ஆல்பத்தில் இதையே சோதித்துப் பார்த்துத் தோற்றிருந்தார். அந்த ஆல்பத்தை யாரும் சீந்தவில்லை. ஒவ்வொரு தட்டிலும் விழும் கிக்கின் மேல் ஏறியதும் வோகோடர் குரல் பாட்டானது.

அவருக்குத் திரைப்படத் துறையின் கதவைத் திறந்துவிட்டதும் ‘ஐ ஃபீல் லவ்’தான். இயக்குநர் ஆலன் பார்க்கர் ‘மிட்நைட் எக்ஸ்பிரஸ்’ படத்தின் துரத்தல் காட்சிக்கு அதே பாணியில் ஒன்று வேண்டும் என்று கேட்டார். விளைவு ‘சேஸ்’ என்ற இசைக்கோவை. 1979 ஏப்ரலில் சிறந்த பின்னணி இசைக்கான ஆஸ்கர். முழுக்க எலெக்ட்ரானிக் இசைக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. அடுத்த இரண்டு ஆஸ்கர்களும் பாட்டுகளுக்கு: ‘ஃப்ளாஷ்டான்ஸ்... வாட் எ ஃபீலிங்’ (படம் 1983), ‘டேக் மை பிரெத் அவே’ (படம் 1986).

வேலையைப் பிரித்துக் கொடுக்கும் குணம் இங்கேயும் தெரியும். ‘ஃப்ளாஷ்டான்ஸ்’ பாட்டின் வரிகளில் பங்கு பெற்றவர் டிரம்மர் கீத் ஃபோர்சி, பாடகி ஐரீன் காராவோடு. ‘டேக் மை பிரெத் அவே’க்கு வரி எழுதிய டாம் விட்லாக், மொரோடரின் ஃபெராரி காரின் பிரேக்கைச் சரிசெய்து கொடுத்து அறிமுகமானவர். மியூனிக்கில் அவருக்குக் கீபோர்டு வாசித்த ஹரால்ட் ஃபால்டர்மையர் பின்னால் ‘ஆக்சல் எஃப்’ இசைத்து உலகப் புகழ் பெற்றார். கூட இருந்தவர்கள் இப்படி வரிசையாகத் தனித்து நின்றதை, மொரோடரின் தொழில் நேர்த்திக்கு ஆஸ்கரைவிடப் பெரிய சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம்.

‘டேக் மை பிரெத் அவே’யைப் பாடகர்கள் ஒருமுறை கவனித்துக் கேட்க வேண்டும். கடைசிப் பகுதிக்கு முன் சுருதி திடீரென்று மூன்று அரைச்சுருதி எகிறும். பெர்லின் என்ற அமெரிக்கக் குழுவின் டெரி நன் அதைப் பாடியிருக்கிறார். மேடையில் முயல்கிறவர்கள் தொடக்கச் சுருதியைத் தங்களுக்கு வசதியாக வைத்துக்கொண்டு, அந்த இடத்துக்கு வந்ததும் மூச்சுத் திணறுவார்கள். உச்ச நோட்டை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து கீழே எண்ணித் தொடக்கச் சுருதியை வைப்பதே வழி.

எல்லாமே வெற்றி என்று நினைத்துவிட வேண்டாம். ப்ளாண்டி என்ற அமெரிக்கக் குழுவோடு செய்த ‘கால் மீ’ 1980-இல் அமெரிக்காவில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆனால் குழுவுக்குள் ஓயாத சண்டை, சேர்ந்து ஆல்பம் செய்யும் எண்ணத்தை அவர் கைவிட்டார். டோனா சம்மர் கெஃபன் நிறுவனத்துக்கு மாறிய பிறகு செய்த ‘ஐ’ம் எ ரெயின்போ’ ஆல்பத்தை 1981-இல் நிறுவனம் கிடப்பில் போட்டு, தயாரிப்பாளர் க்வின்சி ஜோன்ஸை அழைத்தது. அது வெளிவர 1996 ஆனது. 1927-இன் மௌனப்படமான ‘மெட்ரோபோலிஸ்’ படத்தை 1984-இல் வண்ணச் சாயம் ஏற்றி, எழுத்து அட்டைகளைச் சப்-டைட்டிலாக்கி, ராக் பாட்டுகள் சேர்த்து வெளியிட்டார்; மோசமான இசைக்கான ‘ராஸி’ பரிந்துரைதான் கிடைத்தது. (அந்த வடிவத்தால்தான் பலர் அந்தப் படத்தையே முதன்முதலில் பார்த்தார்கள் என்பது வேறு கதை.) 1988-இல் 16 சிலிண்டர் எஞ்சினோடு வந்த சிசெட்டா-மொரோடர் காரில் பணம் போட்டுக் கொஞ்ச காலத்தில் விலகினார். 1990 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு அவர் இசைத்த ‘உன் எஸ்தாத்தே இத்தாலியானா’வை இத்தாலியர்கள் இன்றும் பாடுகிறார்கள்.

பிறகு நீண்ட இடைவெளி. டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு எலெக்ட்ரானிக் இசை இரட்டையர் அவரைப் பாரிஸுக்கு அழைத்தபோது, இசைக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் போனார். அவர்கள் கேட்டது அவருடைய வாழ்க்கைக் கதையைப் பேசச் சொல்லி. வெவ்வேறு காலத்து மைக்ரோஃபோன்களை முன்னால் வைத்து, அந்தந்தக் காலத்துக் கதைக்கு அந்தந்த மைக் என்று பதிவு செய்தார்கள். அவர்களுடைய 2013 ஆல்பமான ‘ரேண்டம் ஆக்சஸ் மெமரீஸ்’-இல் ‘ஜார்ஜியோ பை மொரோடர்’ என்ற பாட்டு அப்படி வந்தது. டிஸ்கோதேக்கில் பாடிக் காரில் தூங்கிய கதையை அவர் குரலிலேயே அதில் கேட்கலாம். அந்த ஆல்பம் 2014-இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது. 2015-இல், 75 வயதில், ‘தேஜா வூ’ என்ற சொந்த ஆல்பம்.

இனி லேப்டாப்புக்கு வருவோம். எந்த இசை மென்பொருளும் போதும். மூக்கின் மாதிரியில் வரும் இலவச சின்தசைசர் பிளகின் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தை நிமிடத்துக்கு 126 தட்டுக்கு வையுங்கள். ரம்ப வடிவ அலை இரண்டு; ஒன்றைவிட இன்னொன்று 5 அல்லது 6 சென்ட் (அரைச்சுருதியின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) விலகி இருக்கட்டும். மேல் அலைவரிசைகளை வெட்டும் 24 டெசிபல் லோ-பாஸ் ஃபில்டர். அட்டாக் (ஒலி எழும் நேரம்) சுழியம், டிகே (ஒலி தேயும் நேரம்) 150 முதல் 250 மில்லிவிநாடி, சஸ்டெய்ன் (தேய்ந்த பிறகு நிற்கும் ஒலியளவு) சுழியம். வரிசையில் பெரும்பாலும் ஸட்ஜம், நடுவில் பஞ்சமமும் கைசிகி நிஷாதமும், சில இடங்களில் மேல் ஸ்தாயி. நோட்டுகள் தட்டுக்கு இரண்டு வீதம் விழ வேண்டும். நான்கு வீதம் எழுதிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. அப்படி எழுதினால் டிலே வந்து உட்கார இடம் இருக்காது, கஞ்சி காய்ச்சின மாதிரி ஆகிவிடும்.

டிலேயின் அளவு தட்டில் கால்வாசி: 60,000-ஐ 126-ஆல் வகுத்து, மறுபடி நாலால் வகுத்தால் 119 மில்லிவிநாடி. ஃபீட்பேக் (நகல் மறுபடி மறுபடி ஒலிப்பது) சுழியம், ஒரே ஒரு நகல் போதும். மூலம் முழுக்க இடப்பக்கம், நகல் முழுக்க வலப்பக்கம், சத்தம் இரண்டுக்கும் சமம். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை மட்டும் நடுவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இல்லையென்றால் பெரிய ஸ்பீக்கர்களில் அடிப்பகுதி கலங்கும்.

ஹை-ஹாட்டுக்கு வெள்ளை இரைச்சலை 7,000 ஹெர்ட்ஸுக்கு மேலே மட்டும் விட்டு, 30 அல்லது 40 மில்லிவிநாடியில் வெட்டுங்கள். ஸ்நேருக்கு அதே இரைச்சல், நடு அலைவரிசை, 120 மில்லிவிநாடி. கிக் மட்டும் உண்மையான டிரம் ஒலியாக இருக்கட்டும். முடிந்தால் லூப் போடாமல் டிரம் பேடில் விரலால் பாட்டு முழுவதும் தட்டுங்கள். பிறகு மிக மோசமாக விலகியவற்றை மட்டும் திருத்துங்கள். எல்லாவற்றையும் மென்பொருளின் நேரக் கட்டத்துக்குள் இழுத்துவிட்டால் விரலால் தட்டியதற்குப் பொருளே இல்லை.

எட்டுத் தாளச் சுற்று மட்டும் செய்து காப்பி-பேஸ்ட் செய்தால் பாட்டு செத்துக் கிடக்கும், ஏன் என்றும் புரியாது. மூலப் பதிவில் 25 விநாடிக்கு ஒருமுறை மனிதக் கை புகுந்திருக்கிறது. சுருதி ஒவ்வொரு தடவையும் மயிரிழை வேறு. அதை ஈடுகட்ட இரண்டு வேலை: ஆஸிலேட்டர் (அலையை எழுப்பும் பகுதி) சுருதியில் 2 அல்லது 3 சென்ட் அளவுக்கு மிக மெதுவான தன்னிச்சை அசைவு, ஃபில்டர் குமிழைப் பாட்டு ஓட ஓடக் கையால் திருப்பிப் பதிவு செய்வது. சுருதி மாற்றத்துக்கு நோட்டுகளை மாற்றாதீர்கள். வரிசையை மொத்தமாக 3, 5, 7 அரைச்சுருதி என்று தூக்குங்கள்.

குரலுக்கு அறிவுரை ஒன்றுதான்: பாடுபவர் கிக்கோடு போட்டி போடக் கூடாது. மைக்குக்கு அருகே, மெல்ல, உயர்ந்த ஸ்தாயியில். வரிகள் நீளட்டும், இயந்திரம் ஓடட்டும்.

முடித்ததும் ஹெட்ஃபோனின் வலது காதை மட்டும் மாட்டிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். கிக் ஓரிடத்தில், பேஸ் வேறிடத்தில் விழும். கால் எதைப் பிடிப்பது என்று தடுமாறும். அப்படித் தடுமாறினால் டிலே சரியாக அமைந்திருக்கிறது.